பரணில் ஏறியவை

முப்பது, நாற்பது வருஷத்துக்கு முன்னால் சென்னையில் வாடகைக்கு வீடு பார்க்கப் போனவர்கள் முதலில் கேட்டது தண்ணீரைப் பற்றித்தான். கிணறு உண்டா, கார்ப்பரேஷன் தண்ணீர் எத்தனை மணிக்கு வரும், அடிபம்பு யாருக்குப் பொது. தண்ணீர்க் கேள்வி இன்றும் போகவில்லை. ஆனால் அதற்கு முன்னால் இன்னொன்று வந்து நின்றுகொண்டது: "கப்போர்டு எல்லாம் முடிஞ்சிருக்கா? லாஃப்டுக்குக் கதவு போட்டிருக்கா?" கதவுதான் முக்கியம். உள்ளே என்ன இருக்கிறது என்பது வந்தவர் கண்ணில் படக்கூடாது. வீட்டுக்காரர் கண்ணிலும் படாமல் இருந்தால் இன்னும் நல்லது.

வீட்டை ஒழுங்காக வைத்துக்கொள்ள வழி சொல்கிறவர்கள் இன்று எல்லா இடத்திலும் இருக்கிறார்கள். டப்பா வாங்கு, கூடை வாங்கு, மாட்டி வாங்கு, டிராயருக்குள் தடுப்பு வாங்கு என்கிறார்கள். சாமான் அதிகமாகிவிட்டது என்கிற சிக்கலுக்கு இன்னும் கொஞ்சம் சாமான் வாங்குவது தீர்வு. எனக்கென்னவோ பிரச்சினை அடுக்குவதில் இல்லை என்றே படுகிறது. முன்பு ஒரு வீட்டுக்குள் பொருள் வருவதற்கு ஒரு வாசல் இருந்தது, போவதற்கு நாலைந்து இருந்தன. இப்போது வருகிற வாசல் பெருத்துவிட்டது. போகிற வாசல்கள் ஒவ்வொன்றாக அடைபட்டுவிட்டன.

என் ஆச்சியின் வீடு திருநெல்வேலி டவுனில் ஒரு வளவுக்குள் இருந்தது. தார்சா, பட்டாசல், அரங்கு, அடுக்களை, புறவாசல் என்று நேர்கோட்டில் ஒன்றன்பின் ஒன்றாகப் போகும் வீடு. தெருவாசலில் நின்று பார்த்தால் புறவாசல் முருங்கை தெரியும். விசேஷ நாட்களில் பதினைந்து பேர்கூடப் படுத்து எழுந்த அந்த வீட்டில் கட்டில் ஒன்றுதான், அது தாத்தாவுக்கு. மற்றவர்களுக்குப் பத்தமடைப் பாயும் கோரைப் பாயும். விடிந்ததும் பாயைச் சுருட்டி மூலையில் சாத்திவிட்டால் படுக்கையறை கூடமாகிவிடும். பத்து மணிக்கு அதே இடத்தில் அரிசி புடைப்பார்கள். மத்தியானம் இலை போடுவார்கள். தரையை எதற்கும் பட்டா போட்டுக் கொடுக்கவில்லை. இன்றைக்கு 900 சதுர அடி அடுக்ககத்தில் இரண்டு கட்டில், ஒரு சோபா, ஒரு சாப்பாட்டு மேசை நிரந்தரமாக இடம் பிடித்த பிறகு மனிதர் நடக்க மிஞ்சுவது ஓர் ஒற்றையடிப் பாதை.

துணிக்கு ஆளுக்கொரு ட்ரங்குப் பெட்டி. மூடியில் வெள்ளைப் பெயின்டில் பெயர், உள்ளே பாச்சா உருண்டை வாசனை. பெட்டி மூடவில்லையென்றால் துணி அதிகம் என்று பொருள். அதற்கு மேல் விவாதம் கிடையாது. அன்றாடத் துணிக்குப் பட்டாசலின் குறுக்கே ஒரு கொடி. ஒரு தடவை உடுத்தி, இன்னொரு தடவை உடுத்தலாம் என்கிற நிலையில் இருக்கும் சட்டைக்குச் சுவரில் ஆணி. இந்த ஆணி சின்ன விஷயமாகத் தோன்றும். இன்றைய படுக்கையறைகளில் துணிமலை சுமக்கும் அந்த நாற்காலியை நினைத்துப் பாருங்கள். அழுக்குக்கூடைக்கும் போக முடியாத, அலமாரிக்கும் திரும்ப முடியாத துணிதான் அதில் குவிகிறது. உள்அலங்காரக்காரர்கள் வரைகிற எந்த வரைபடத்திலும் இந்த இடைநிலைத் துணிக்கு இடம் இல்லை. கதவின் பின்பக்கம் நாலு கொக்கி அடித்துப் பாருங்கள், நாற்காலி மறுபடி உட்காருவதற்கு ஆகிவிடும்.

காகிதத்துக்கு ஒரு கம்பி இருந்தது. ஒரு முழ நீள இரும்புக் கம்பி. அடியில் வட்டமாக ஒரு மரக்கட்டை, மேல்முனை கொக்கியாக வளைந்து கூராக இருக்கும். உத்தரத்துக் கட்டையில் தொங்கும். வந்த கடிதம், வீட்டுத் தீர்வை ரசீது, கரண்ட் பில் கட்டிய சீட்டு, ஜவுளிக்கடைப் பில் எல்லாவற்றையும் தாத்தா நடுவில் குத்தி இறக்குவார். அடியில் இருப்பது பழையது, மேலே இருப்பது புதியது. போன ஆடியில் வந்த கடிதம் வேண்டுமா, கட்டைவிரலால் மேலேயிருந்து தள்ளிக்கொண்டே போனால் ஆடி வந்துவிடும். கருமாதிக் கடிதம் மட்டும் கம்பி ஏறாது. வாசித்த கையோடு கிழித்துப் போட்டுவிடுவார்கள். கம்பி நிறைந்துவிட்டால் ஒரு ஞாயிற்றுக்கிழமை அதை இறக்கி வைத்துக்கொண்டு உட்காருவார். பத்திரம் சம்பந்தப்பட்டது தகரப்பெட்டிக்கு, மற்றது வெந்நீர் அடுப்புக்கு. அந்தக் கம்பிக்கு நீளம் இவ்வளவுதான் என்பதில்தான் அதன் சாமர்த்தியம் எல்லாம். இன்றைய கோப்புறைகளுக்கு அப்படி ஒரு முடிவு கிடையாது. போன்காரன் இன்னும் கொஞ்சம் இடம் தருகிறேன், மாதம் இவ்வளவு கொடு என்பான்.

அடுக்களையில் தரையில் உட்கார்ந்துதான் சமையல். ஆச்சி எழுந்திருக்காமலே கை நீட்டினால் உப்பு மரவை, அஞ்சறைப்பெட்டி, எண்ணெய்த் தூக்கு, புளிப்பானை. தினமும் தொடுவது தரையில். வாரம் ஒரு தடவை தொடுவது மாடத்தில். பால், தயிர் உறியில். வருஷம் ஒரு தடவை தொடுவது மச்சில். உயரம் கூடக்கூட உபயோகம் குறையும் என்கிற கணக்கு. நின்று சமைக்கும் மேடை வந்தபிறகும் இந்தக் கணக்கு செல்லுபடியாகும். ஆனால் எத்தனை வீட்டில் தினசரிக் குக்கர் குனிந்து தோண்டவேண்டிய இடத்திலும், விருந்தாளிக்கென்று வைத்த கண்ணாடிக் கிண்ணம் கைக்கெட்டும் தூரத்திலும் இருக்கிறது!

பலசரக்கிலும் ஓர் ஒழுங்கு இருந்தது. மாதச் சாமான் ஒன்றாம் தேதியை ஒட்டி வரும். இருபத்தைந்தாம் தேதி வாக்கில் தகரடின்கள் காலியாகும். கழுவி, தட்டட்டி வெயிலில் கவிழ்த்து, ஈரம் போனபிறகுதான் புதுப்பருப்பு விழும். வற்றலும் புளியும் பங்குனி, சித்திரை வெயிலில் காய்ந்து வருஷத்துக்கும் ஏறும். டின் காலியாவது வறுமை போலத் தெரிந்தாலும் அதுதான் சுத்தம் செய்யும் நாள். இன்று பருப்பு தீர்வதற்கு முன்பே பத்து நிமிடத்தில் வந்து சேர்கிறது. பழையதன் தலையில் புதியதைக் கொட்டுகிறோம். அடியில் இருக்கும் பிடி பருப்பு ஆண்டுக்கணக்கில் வெளிச்சம் பார்ப்பதில்லை. வண்டு வந்தால் கடைக்காரனைத் திட்டுகிறோம்.

ஆனால் ஆச்சி வீடு நெருக்கடியில்லாமல் இருந்ததற்கு அடுக்கும் திறமை பாதிக் காரணம்கூட இல்லை. அங்கே எதுவும் ஒரே பொருளாக இருந்து சாகாது. தாத்தாவின் எட்டுமுழ வேட்டி ஓரம் நைந்ததும் இரண்டாகக் கிழிந்து தலை துவட்டும் துண்டாகும். துண்டு பொத்தல் விழுந்தால் கைக்குழந்தையின் இடுப்புத்துணி. அதுவும் போனால் அடுக்களைப் பிடிதுணி. கரி ஏறிக் கறுத்தபின் அரிக்கேன் விளக்குக் கண்ணாடி துடைக்க. கடைசியில் அடுப்புப் பற்றவைக்கும்போது காணாமல் போகும். நூல் சேலை வெயிலில் வத்தல் போட விரிப்பாகி, பிறகு மெத்தென்ற போர்வைக்குள் போகும். இதெல்லாம் பருத்தி என்பதால் நடந்தது. இன்றைய லெக்கின்ஸும் பாலியஸ்டர் சட்டையும் கிழிவதில்லை, தண்ணீரை உறிஞ்சுவதில்லை, சூடான பாத்திரத்தில் பட்டால் உருகி ஒட்டிக்கொள்ளும். அவற்றுக்கு இரண்டாம் பிறவி கிடையாது. அதனால் அலமாரியில் பழைய துணி நெருக்கும்போதே கடையில் போய்த் துடைக்கும் துணி பாக்கெட் பாக்கெட்டாக வாங்கிவருகிறோம்.

வீட்டுக்குள் வேறு உரு எடுக்க முடியாதது தெருவில் போனது. பழைய இரும்புக்குப் பேரீச்சம்பழம் தருகிறவர், பழைய பேப்பர்க்காரர், ஜரிகைக்காகப் பட்டுப்புடவை வாங்குகிறவர், ஓட்டைப் பாத்திரம் அடைக்கிறவர், ஈயம் பூசுகிறவர் என்று முறைவைத்து வருவார்கள். இவர்களில் ஆச்சிக்குச் சரியான எதிராளி, பழைய துணிக்கு எவர்சில்வர் பாத்திரம் தருகிறவர்தான். தார்சாவில் மூட்டையை இறக்குவார். ஆச்சி உள்ளேயிருந்து துணிகளைக் கொஞ்சம் கொஞ்சமாகத்தான் கொண்டுவருவாள், மொத்தத்தையும் ஒரேயடியாகக் காட்ட மாட்டாள்.

"ஆச்சி, இதுல பாதி நைஞ்சு போச்சே. இன்னும் ரெண்டு பேன்ட் போடுங்க, அந்தத் தூக்கைத் தாரேன்."

"ஏய்யா, பேன்ட் போடுறவன் மெட்ராஸ்ல இருக்கான். நான் எங்கய்யா போவேன்? இந்தச் சேலையைப் பாரு, தலைப்புல கை வச்சுப் பாரு. ஒரு தடவ கோயிலுக்குக் கட்டினதுல்லா."

"தூக்கு கட்டாது ஆச்சி. டம்ளர் ரெண்டு எடுத்துக்கிடுங்க."

"அப்ப சேலையைக் குடு. நான் வேலைக்கு வாரவளுக்குக் குடுத்திருவேன்."

அவர் மூட்டையைக் கட்டுவதுபோலப் பாவனை செய்வார். ஆச்சி உள்ளே போவதுபோலப் பாவனை செய்வாள். அரைமணி கழித்துத் தூக்கு எங்கள் வீட்டில் இருக்கும், அதற்கு மேல் ஒரு தாத்தா சட்டையும் போயிருக்கும். தாத்தா அதை மறுநாள் தேடுவார். இந்தப் பேரத்தில் நான் கண்டது: பொருளை வெளியே அனுப்புவது அன்று ஓர் இழப்பாகவோ குற்றவுணர்ச்சியாகவோ இல்லை, அது ஒரு வியாபாரம். கைமாற்றாக ஏதோ வந்தது. இன்று "வேண்டாததைத் தூக்கிப் போடு" என்றால் கை வராததற்கு அந்தக் கைமாற்று இல்லாமல் போனதும் ஒரு காரணம்.

இதற்காக அன்றைய வீட்டைக் கோயிலாக்க வேண்டியதில்லை. மச்சில் ஏறினால் எலிப்புழுக்கை, உடைந்த மரப்பாச்சி, கால் ஒடிந்த மணை, எதற்கோ கழற்றிய ஜன்னல் கம்பி. ஒரு தடவை தேங்காய்மட்டைக்கடியில் தேள். அரங்கில் வெளிச்சமே கிடையாது. எது எங்கே இருக்கிறது என்பது ஆச்சியின் தலைக்குள் மட்டும் இருந்தது. அவள் படுத்த மாதத்தில் வீட்டில் யாருக்கும் சுக்கு கிடைக்கவில்லை. அந்த ஒழுங்கின் உழைப்பு முழுக்கப் பெண்களுடையது. டின் கழுவியதும், வேட்டி கிழித்ததும், பாய் சுருட்டியதும், பேரம் பேசியதும் அவர்கள். தாத்தாவின் பங்கு அந்தக் கம்பி ஒன்றுதான். அதைத்தான் நானும் இங்கே ஒரு பத்தி முழுக்கப் புகழ்ந்திருக்கிறேன், பாருங்கள்.

வருகிற வாசல் எப்போது பெருத்தது? ஒரே நாளில் இல்லை. இரும்பு பீரோவை ஒரு தொடக்கமாகச் சொல்லலாம். கோத்ரெஜ் 1923லேயே எஃகு அலமாரி செய்ய ஆரம்பித்துவிட்டது என்றாலும், நம் நடுத்தர வீடுகளுக்குள் அது சீர்வரிசையாகத்தான் நுழைந்தது. பீரோவின் ஆழம் ட்ரங்குப் பெட்டியின் ஆழம் மாதிரி இல்லை. பின்வரிசை என்று ஒன்று உருவாகி, அங்கே போன துணி மறக்கப்பட்டது. பிறகு எவர்சில்வர் வந்தது. பித்தளைக்கு ஈயம் பூச வேண்டும், புளி போட்டுத் தேய்க்க வேண்டும், அதனால் அளவாக வைத்திருந்தார்கள். எவர்சில்வர் எந்தப் பராமரிப்பும் கேட்கவில்லை, ஆகவே எண்ணிக்கையும் கேட்கவில்லை. 1991 தாராளமயத்துக்குப் பின்னால் கடைகள் மாறின, தவணை எளிதானது. கல்யாணத்துக்குப் போனால் தாம்பூலப் பையோடு ஒரு பிளாஸ்டிக் கிண்ணம், கொலுவுக்குப் போனால் ஒரு குங்குமச்சிமிழ், பிறந்தநாளுக்குப் போன குழந்தை கையில் ஒரு பொம்மைப்பை. வேண்டாம் என்று சொல்ல முடியாத வரவுகள் இவை.

அரசாங்கமும் கொடுத்தது. 2006 தேர்தலுக்குப் பிறகு வண்ணத் தொலைக்காட்சி, 2011க்குப் பிறகு மிக்ஸி, கிரைண்டர், மின்விசிறி. இதைக் கேலி செய்கிறவர்களோடு நான் இல்லை. அம்மியில் அரைத்துக் கை காய்த்த எத்தனையோ பெண்களுக்கு அதுதான் முதல் மிக்ஸி. ஆனால் ஏற்கெனவே ஒன்று இருந்த வீடுகளில் இரண்டாவது மிக்ஸி அட்டைப்பெட்டியோடு பரணுக்குப் போனது. பெண்ணுக்குக் கல்யாணமானால் கொடுக்கலாம் என்று. பெண்ணுக்குக் கல்யாணமானபோது மாப்பிள்ளை வீட்டிலும் பரணில் ஒன்று இருந்தது.

போகிற வாசல்களில் பெரியது போகி. மார்கழியின் கடைசி நாள் வீட்டைக் கழுவி வெள்ளையடித்து, பிய்ந்த பாய், கிழிந்த கூடை, தேய்ந்த விளக்குமாறு எல்லாவற்றையும் விடியற்காலையில் வாசலில் கொளுத்துவார்கள். எரிந்ததெல்லாம் ஓலை, நார், கோரை, பருத்தி. சாமான் மாறியது, சடங்கு மாறவில்லை. டயரும் டியூபும் பிளாஸ்டிக்கும் நெருப்புக்குள் போயின. 2018 போகியன்று சென்னையில் பனியும் புகையும் சேர்ந்து விமானங்களே இறங்க முடியாமல் திணறின. மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் வருஷா வருஷம் எரிக்காதீர்கள் என்று கேட்டுக்கொள்கிறது. மாநகராட்சி பழைய பொருட்களைத் துப்புரவுப் பணியாளர்களிடம் கொடுத்துவிடச் சொல்கிறது. சரியான ஏற்பாடுதான். ஆனால் முன்பு போகிக்கு முந்தைய வாரம் முழுக்க வீட்டைத் தலைகீழாகப் புரட்ட ஒரு கட்டாயம் இருந்தது. நெருப்பு போனதோடு அந்தக் கட்டாயமும் போய்விட்டது. இப்போது போகி என்றால் ஊருக்குப் போகும் பஸ்ஸில் டிக்கெட் கிடைத்ததா என்பதுதான்.

இந்த இடைவெளியில்தான் ஜப்பான் வந்தது. மாரி கோண்டோவின் புத்தகம் 2014இல் ஆங்கிலத்தில் வெளியாகி, 2019இல் நெட்ஃபிளிக்ஸ் தொடராகவும் வந்தபோது, நம்மூர்ப் பெண்கள் பலர் சட்டையை மூன்றாக மடித்துச் செங்குத்தாக நிறுத்தக் கற்றுக்கொண்டார்கள். ஒவ்வொரு பொருளையும் கையில் எடுத்து, இது எனக்கு மகிழ்ச்சி தருகிறதா என்று கேட்டுக்கொள்ளச் சொல்கிறார் அவர். தனியாக வாழ்கிறவர்களுக்கு அது நல்ல கேள்வி. நம் வீட்டில் பொருள் ஒருவருடையதாக இருப்பதில்லையே! குக்கர் மாமியார் கொண்டுவந்தது, டிபன் கேரியர் மாமனாருடைய ஆபீஸ் நினைவு, குத்துவிளக்கு நாத்தனார் செய்த சீர். யாருடைய மகிழ்ச்சியைக் கேட்பது? மூன்றாவது குழந்தைக்குப் பிறகு தன் வீட்டிலேயே பழையபடி ஒழுங்கு பார்க்க முடியவில்லை என்று 2023இல் அவரே சொன்னபோது எனக்கு அவர்மேல் மரியாதை கூடியது. அவர் முறையில் ஒன்று நிச்சயம் பலன் தரும். அறை அறையாக ஒதுக்காமல் வகை வகையாக ஒதுக்குவது. வீட்டில் இருக்கும் எல்லாத் துண்டுகளையும் ஒரே கட்டில்மேல் குவித்துப் பார்த்தால் கண்ணே தீர்ப்புச் சொல்லிவிடும்.

உண்மையில் இன்னொரு ஜப்பான் முறை நம்மூருக்கு அதற்கு முன்பே வந்திருந்தது, தொழிற்சாலை வழியாக. பாடியில் இருந்த சுந்தரம் கிளேட்டனின் பிரேக் பிரிவு, தரத்துக்காக ஜப்பான் தரும் டெமிங் விருதை 1998இல் வாங்கியது. அம்பத்தூர், ஓசூர், கோயம்புத்தூர்ப் பட்டறைகளில் 'ஃபைவ் எஸ்' என்ற பலகையைப் பார்க்காமல் நுழைய முடியாது: வேண்டாததைப் பிரி, வேண்டியதற்கு இடம் குறி, துடை, அதை வழக்கமாக்கு, வழக்கத்தைக் காப்பாற்று. சுவரில் ஸ்பேனரின் உருவத்தை வரைந்து அதன்மேல் ஸ்பேனரை மாட்டியிருப்பார்கள். இல்லையென்றால் காலி உருவம் கூப்பிட்டுச் சொல்லும். அங்கே முப்பது வருஷம் வேலை பார்த்து அந்தப் பலகையை மனப்பாடமாக ஒப்பிக்கக்கூடிய மனிதர்கள், வீட்டில் நகவெட்டி எங்கே என்று மனைவியைக் கூப்பிடுகிறார்கள்.

அந்தப் பட்டறையிலிருந்து வீட்டுக்கு எடுத்துவர வேண்டிய ஒன்று சிவப்புச்சீட்டு. வேண்டுமா வேண்டாமா என்று சந்தேகம் வருகிற பொருளில் தேதி எழுதிய சிவப்புச்சீட்டைக் கட்டி, தனி இடத்தில் வைப்பார்கள். குறித்த கெடுவுக்குள் யாரும் தேடி வராவிட்டால் அது வெளியே போகும். பரணுக்கு இதைவிட நல்ல மருந்து கிடையாது. ஓர் அட்டைப்பெட்டி, அதன் நெற்றியில் என்ன இருக்கிறது என்பதையும் இன்றைய தேதியையும் எழுதி ஏற்றுங்கள். அடுத்த பொங்கலுக்கு முன் யாரும் அதைத் திறக்கவில்லையென்றால், திறந்து பார்க்காமலே அனுப்பிவிடலாம். திறந்தால் போச்சு. கொலுப்பொம்மைப் பெட்டிக்கு மட்டும் விலக்கு. அதற்குத் தேதி தேவையில்லை, வருஷத்துக்கு ஒரு தடவை தானே இறங்கி, பழைய வேட்டித்துணியில் சுற்றிக்கொண்டு தானே ஏறிவிடுகிறது. பரணில் இருக்கத் தகுதியான பொருள் அப்படித்தான் இருக்கும்.

எங்கே தொடங்குவது என்று கேட்பவர்களுக்கு நான் சொல்வது: புகைப்பட ஆல்பத்தில் தொடங்காதீர்கள், சாயங்காலம்வரை எழுந்திருக்க மாட்டீர்கள். மருந்து டப்பாவில் தொடங்குங்கள். காலாவதித் தேதி உங்களுக்காக முடிவெடுக்கும், மனசு குறுக்கே வராது. அடுத்தது ஃபிரிட்ஜ் கதவில் ரப்பர்பேண்டு போட்டு நிற்கும் மசாலாப் பாக்கெட்டுகள். எல்லாவற்றையும் ஒரு தட்டில் நிறுத்துங்கள், தட்டில் நிற்காதது குப்பைக்கு. பிறகு மூடியில்லாத டப்பாவும் டப்பாயில்லாத மூடியும். பிறகு கட்டைப்பைகள்: தி.நகர் துணிக்கடைகள் தந்தவை, ஒன்றுக்குள் ஒன்றாகத் திணித்தால் ஒரு பைக்குள் எத்தனை அடங்குமோ அத்தனை போதும். 2019 ஜனவரியில் ஒருமுறைப் பயன்பாட்டு பிளாஸ்டிக்கைத் தடை செய்து, 2021 டிசம்பரில் அரசே மஞ்சப்பையைத் திரும்பக் கொண்டுவந்த பிறகு, பிளாஸ்டிக் பை இருந்த இடத்தில் துணிப்பை குவிந்ததுதான் பல வீடுகளில் மாற்றம். ஒரே நாளில் முழுவீட்டையும் முடிக்கிறேன் என்று இறங்குகிறவர்கள் இரவு பத்து மணிக்குக் கட்டில்மேல் குவித்ததை அப்படியே அள்ளிப் பீரோவுக்குள் தள்ளிவிட்டுப் படுக்கிறார்கள். ஒரு நாளைக்கு ஒரு டிராயர். அதற்கு மேல் ஆசைப்படாதிருப்பது நல்லது.

காகிதத்தில் மட்டும் கவனம் வேண்டும். மூலப்பத்திரம், விற்பனைப் பத்திரம், பிறப்பு, இறப்பு, கல்விச் சான்றிதழ்களின் அசல் எக்காலத்துக்கும் போகக்கூடாது. பட்டாவையும் வில்லங்கச் சான்றையும் இணையத்தில் எடுத்துக்கொள்ளலாம். 2015 முதல் டிஜிலாக்கர் இருக்கிறது. கடைப் பில்கள் பெரும்பாலும் சூட்டில் அச்சாகும் காகிதம். உத்தரவாதக் காலம் முடிவதற்குள் எழுத்து வெளிறி வெற்றுத்தாளாகிவிடும். வாங்கிய அன்றே போனில் படம் எடுத்துக்கொண்டால் தாளை வைத்திருக்க வேண்டியதே இல்லை.

கை நடுங்குகிற இடம் ஒன்று உண்டு: பெயர் வெட்டிய பாத்திரம். பாத்திரக்கடையில் வாங்கியதும் பெயர், ஊர், தேதி வெட்டிக்கொள்வது நம் வழக்கம். முன்பு சிற்றுளியும் சுத்தியும் வைத்துப் புள்ளி புள்ளியாகக் கொத்துவார்கள், இன்று மின்பேனா ஓடுகிறது. ஆச்சியின் பித்தளைக் குடத்தில் விளிம்புக்குக் கீழே அவள் பெயரின் முதலெழுத்தும் கல்யாண வருஷமும் புள்ளிகளாக இருக்கின்றன. ஒரு புள்ளி தவறிப்போய் ஓர் எழுத்துக்கு மூக்கு நீண்டிருக்கும். பழைய பித்தளையை எடைக்கு எடுக்கிற கடைக்காரருக்கு அந்த மூக்கு கணக்கில் வராது. காரைக்குடி முனீஸ்வரன் கோயில் தெருவில் பழம்பொருள் கடைகளை ஒரு நடை போய்ப் பார்த்தால், எத்தனையோ குடும்பங்களின் முதலெழுத்துகள் அடுக்கில் உட்கார்ந்திருக்கின்றன. அந்தப் பக்கத்து நாற்பது அறை வீட்டிலேயே வைத்துக்கொள்ள முடியாமல் போனபோது, இரண்டு அறை வீட்டில் எல்லாவற்றையும் வைத்துக்கொள்வது நடக்காது. எங்கள் குடும்பத்தில் ஆளுக்கு ஒன்று என்று முடிவானது. மிச்சம் ஊர்க்கோயில் மடைப்பள்ளிக்குப் போனது. பெயர் வெட்டியிருந்ததால் கொடுத்தவர் யாரென்று தனியாக எழுதத் தேவைப்படவில்லை.

அடைபட்ட வாசல்களுக்குப் பதிலாகப் புதிய வாசல்கள் சில இடங்களில் திறக்கத்தான் செய்கின்றன. திருநெல்வேலியில் மாவட்ட நிர்வாகம் 'அன்புச் சுவர்' என்று ஒன்றை வைத்தது; வேண்டாததை விட்டுப் போகலாம், வேண்டியவர் எடுத்துப் போகலாம், யாரும் யாரையும் கேட்பதில்லை. எங்கள் அடுக்ககத்திலும் லிஃப்ட் பக்கத்தில் ஒரு மரப்பெஞ்சு போட்டிருக்கிறோம். பள்ளிப் புத்தகங்களும் குழந்தையின் மூன்றுசக்கர சைக்கிளும் வைத்த வேகத்தில் போய்விடுகின்றன. குக்கர் மத்தியானத்துக்குள் போகும், கேஸ்கட் இல்லாவிட்டாலும் போகும். போகாமல் நிற்பவை உடற்பயிற்சிச் சாதனங்கள், தன்னம்பிக்கைப் புத்தகங்கள், நிறுவனப் பெயர் பொறித்த கேடயங்கள். இரண்டு ஞாயிறு தாண்டியும் எடுபடாததை வைத்தவரே திரும்ப எடுத்துப்போக வேண்டும் என்று சங்கத்தில் தீர்மானம் போட்டிருக்கிறோம். அதனால் இரண்டாம் ஞாயிறு இரவு பதினொரு மணிக்கு மேல் லிஃப்ட் ஏறி இறங்குவது கொஞ்சம் அதிகமாகத்தான் இருக்கிறது.